வேகத்தைப் பூட்டும் கருவி எதைப் பூட்டுகிறது?

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திவிட்டால் விபத்து நின்றுவிடுமா? கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட மக்களுக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓடும் அதே சாலையில்தான் அவர்கள் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடுகிறார்கள்.

2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டனர். இறக்கத்தில் அந்தப் பேருந்து மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு 2025 அக்டோபர் 1 முதல் கனரக லோரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இந்தக் கருவி படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. லோரிக்கு உச்ச வேகம் 90.

தோட்டத்து டீசல் பிக்கப்புக்கு இது பொருந்துமா? பொருந்தாது. சுமையோடு சேர்த்து 3,500 கிலோவைத் தாண்டும் சரக்கு வாகனங்களுக்கே இந்த விதி. ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்றவை ஏறக்குறைய மூன்று டன்னோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இவற்றில் சில மணிக்கு 170ஐத் தொடக்கூடியவை!

கருவி செய்வது ஒரே வேலைதான். குறித்த வேகம் வந்ததும் என்ஜினுக்குப் போகும் டீசலைக் குறைத்துவிடும். பழைய டீசல் வண்டிகளில் பம்புக்குள் சுழலும் இரும்புக் குண்டுகள் விரிந்து எண்ணெயை மட்டுப்படுத்தும். அது என்ஜின் சுழற்சிக்கு வைத்த எல்லை. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. இரண்டுமே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. சமவெளியான கோல சிலாங்கூரில் இந்தக் குறை தெரியாது. கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்குப் போய்த் திரும்பும்போது தெரியும். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது டீசல் அல்ல, அதன் எடை. அங்கே காப்பாற்றுவது சிறிய கியரும் சூடேறாத பிரேக்கும்தான்.

டயரையும் கவனிக்க வேண்டும். அளவு எண்களின் கடைசியில் உள்ள எழுத்துதான் டயர் தாங்கும் வேகம்: க்யூ என்றால் 160, ஆர் 170, எஸ் 180. அமெரிக்காவில் பல கனரக டீசல் பிக்கப்புகளைத் தொழிற்சாலையிலேயே 150, 160 அளவில் பூட்டி அனுப்புவதற்கு முக்கியக் காரணம் டயரே. பட்டறையில் கொடுத்துக் கணினிப் பூட்டை எடுத்துவிடுகிற இளைஞர்கள் டயரில் உள்ள எழுத்தைப் பார்ப்பதே இல்லை. போதாக்குறைக்குக் காற்றுக் குறைந்த டயர், பின்னால் அளவுக்கு மீறிய சுமை!

இன்னொரு கணக்கு. காய்ந்த சாலையில் 60இல் பிரேக் பிடித்தால் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 90இல் 45 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரமோ இரண்டேகால் மடங்கு. மழையிலும் சுமையிலும் இன்னும் கூடும். பள்ளி வாசலில் 30 என்று பலகை இருந்தாலும் கருவிக்குத் தெரிந்த எண் 90 மட்டுமே. 85இல் போகிற லோரியை அது தடுக்காது. தோட்டத்துச் சந்தியில் வேகத்தைக் குறைக்க வேண்டியது ஓட்டுநரின் கால்தான். ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று கணக்கு வைத்து லோரியை விரட்டும் முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு.