தண்டவாளத்தை ஒட்டும் கணக்கு

தெர்மிட் வெல்டிங்கை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் மறக்காது. ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் நிற்கும் இரண்டு தண்டவாள முனைகளைச் சுற்றி அச்சைப் பொருத்தி, அதன்மேல் மூசையை நிறுத்தி, ஒரு பை பொடியைக் கொட்டிப் பற்றவைக்கிறார்கள். சில நொடிகளில் உருகிய இரும்பு வெண்சூட்டில் இறங்கி இடைவெளியை நிரப்பிவிடுகிறது. மின்சாரமும் வேண்டாம், உலையும் வேண்டாம். ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை கோரிய முறை இது.

பையில் முக்கியமாக இருப்பவை இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும்தான். ஆக்சிஜன் மீது இரும்பைவிட அலுமினியத்துக்கு நாட்டம் அதிகம். அதைப் பறித்துக்கொண்டு இரும்பை விடுவித்துவிடுகிறது. ஒரு மோல் ஃபெரிக் ஆக்சைடுக்கு இரண்டு மோல் அலுமினியம் வேண்டும். எடையில் 160 கிராமுக்கு 54 கிராம்.

இரண்டிலும் ஒரு கிலோ எடுத்தால் என்ன ஆகும்? ஆக்சைடு 6.25 மோல், அலுமினியம் சுமார் 37 மோல். அந்த ஆக்சைடுக்கு 12.5 மோல், அதாவது 337.5 கிராம் அலுமினியமே போதும். ஆக்சைடு தீர்ந்ததும் வினை நின்றுவிடும். கிடைக்கும் இரும்பு 700 கிராம். இன்னும் எத்தனை கிலோ அலுமினியத்தைக் கொட்டினாலும் அதற்குமேல் ஒரு கிராம்கூடக் கூடாது. இங்கே ஆக்சைடுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி; அலுமினியம் மிகுதிக் காரணி.

எடை குறைந்ததே முதலில் தீரும் என்று மாணவர்கள் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 800 கிராம் ஆக்சைடுடன் 300 கிராம் அலுமினியத்தைச் சேர்த்துப் பாருங்கள். தேவை 270 கிராம்தான். எடையில் குறைந்த அலுமினியமே 30 கிராம் மிஞ்சுகிறது. மோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். ஒரு கிலோ ஆக்சைடுக்கு 270 கிராம் அலுமினியம் என்றால் 6.25 மோலுக்கு எதிரே 10 மோல். ஆனாலும் தீர்வது அலுமினியமே. மோல் எண்ணிக்கையைச் சமன்பாட்டிலுள்ள கெழுவால் வகுக்க வேண்டும்: 6.25-ஐ 1-ஆல், 10-ஐ 2-ஆல். ஈவு எதற்குச் சிறியதோ அதுவே வினையை நிறுத்தும். பாடப்புத்தகத்தில் இந்த வகுத்தல் ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம்தான். கணக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மிஞ்சியது சும்மா கிடப்பதில்லை. மிகுந்த அலுமினியம் உருகிய எஃகில் கலந்து இணைப்பை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். ஆக்சைடு மிஞ்சினாலோ எஃகிலுள்ள கார்பனை எரித்து வாயுவாக்கும். இணைப்புக்குள் நுண்துளைகள் விழும். மேலே ஓடும் ரயிலின் எடையைத் தாங்க வேண்டிய இடம் அது.

அதனால் பொடியைத் தண்டவாளத்தின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பத் தொழிற்சாலையிலேயே நிறுத்துப் பையில் அடைத்து அனுப்புகிறார்கள். ஒரு இணைப்புக்கு ஒரு பை. வேலையிடத்தில் ஒரு பிடி எடுக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. அலுமினியம் இலேசானது, ஆக்சைடு அதைவிடக் கனமானது; குலுங்கிய பையில் மேலே அள்ளிய பிடியும் அடியில் அள்ளிய பிடியும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.