கூண்டில் நிற்பவனுக்கும் ஒரு குரல் வேண்டும்

ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், காரைக்கால்மேட்டிலிருந்து வந்த ஒரு தாய் பங்கு மனையின் கதவைத் தட்டினாள். கடற்கரையில் வலையைப் பற்றி எழுந்த வாய்த்தகராறு கைகலப்பாக முற்றி, இளைஞன் ஒருவன் தலையில் துடுப்படி பட்டு மருத்துவமனையில் கிடந்தான். அடித்தவன் என்று காவலர் அழைத்துச் சென்றது அவள் மகனை. கொலை முயற்சி என்று வழக்குப் பதிவாகியிருந்தது.

“சாமி, வக்கீல் வைக்கச் சொல்கிறார்கள். அடிபட்டுக் கிடப்பவனும் நம் ஊர்ப் பிள்ளைதான். அவன் தாய் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? தப்புச் செய்தவனுக்கு வக்கீல் வைப்பது பாவமில்லையா?” என்று அழுதுகொண்டே கேட்டாள்.

அன்பார்ந்த குடும்பங்களே, அந்தத் தாய் கேட்ட கேள்வி நம்மில் பலருடைய உள்ளத்திலும் உறங்கிக் கிடப்பதேயாம். ஆதலின் அதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில், குற்றச்சாட்டு இன்னதென அறிதல் வேண்டும். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் நீங்கியபின், 1963-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நம் காரைக்காலுக்கும் வந்து சேர்ந்தது. அதன் 307-ஆம் பிரிவே கொலை முயற்சிக்கு உரியது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 109-ஆம் பிரிவு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. தண்டனை பத்தாண்டு வரை சிறையும் அபராதமும். காயம் ஏற்பட்டிருப்பின் ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம். ஜாமீன் உரிமையாகக் கிட்டாத குற்றம் இது. விசாரணையும் செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான் நடைபெறும்.

ஆனால் இரத்தம் சிந்திய ஒவ்வோர் அடியும் கொலை முயற்சி ஆகிவிடாது. கொல்லும் எண்ணமோ, இதனால் மரணம் விளையும் என்ற அறிவோ அடித்தவனிடம் இருந்ததென அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். எந்த ஆயுதம், உடலின் எந்த இடம், எத்தனை அடி, அதற்கு முன் நடந்தது என்ன என்பவற்றைக் கொண்டே நீதிபதி அந்த எண்ணத்தை உய்த்துணர்கிறார். எண்ணம் மெய்ப்பிக்கப்படாவிடில் அது கொடுங்காயம் விளைத்த குற்றமாகக் குறையலாம். தன்னுயிரைக் காக்கவே தடுத்து அடித்தான் எனில், தற்காப்புரிமையைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. இவற்றையெல்லாம் எழுத்தறியா மீனவ இளைஞன் கூண்டில் நின்று தானே எடுத்துரைக்க இயலுமா? அதற்காகவே வழக்கறிஞர்.

தமிழகம் முழுவதும் அறிந்த ஒரு வழக்கை இங்கு நினைவூட்டுகிறேன். 1967 ஜனவரி 12-ஆம் நாள் நடிகர் எம்.ஜி.ஆர். தம் இராமாவரம் இல்லத்தில் சுடப்பட்டார். அதே அறையில் நடிகர் எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயத்தோடு கிடந்தார். ராதாவின் மீது கொலை முயற்சி வழக்கும் தற்கொலை முயற்சி வழக்கும் தொடரப்பட்டன. நாடே கொதித்தெழுந்தது. சில வாரங்களில் நடந்த தேர்தலில் எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவருடைய கட்சியே ஆட்சியும் அமைத்தது. அத்தகைய சூழலிலும் ராதாவுக்காக வாதாட என்.டி. வானமாமலை என்னும் வழக்கறிஞர் எழுந்து நின்றார். இருவர் உடலிலும் குண்டு. யார் முதலில் சுட்டது என்பதே வழக்கின் உயிர்க் கேள்வி. சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர்; துப்பாக்கிகள் ஆராயப்பட்டன. 1967 நவம்பர் 4-ஆம் நாள் செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ராதாவுக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைந்தது. வழக்கறிஞர் இருந்தமையால் குற்றவாளி தப்பிவிடவில்லை. இரு தரப்பையும் கேட்டபின் வந்த தீர்ப்பு என்பதால், அதற்கு மக்கள் மன்றத்திலும் மதிப்பு உண்டாயிற்று.

“அவனுக்காக யாரும் போகக்கூடாது” என்று ஊர் கட்டுப்பாடு செய்வதை நாம் கண்டிருக்கிறோம். கற்றவர்களும் அவ்வாறு செய்ததுண்டு. கோயம்புத்தூரில் வழக்கறிஞர் சங்கம் ஒன்று, குறிப்பிட்ட சில காவலர்களுக்காக எவரும் வாதாடலாகாதென்று தீர்மானித்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் அரசியலமைப்புக்கும் வழக்கறிஞர் தொழில் மரபுக்கும் முரணானவை, செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.

“பணத்துக்கு எங்கே போவேன், சாமி?” என்பது அந்தத் தாயின் அடுத்த கேள்வி. ஏழைக்கு இலவச சட்ட உதவி என்னும் நெறி 1976-இல் அரசியலமைப்பின் 39அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடியோர் பற்றிய ஹுஸைனாரா காத்தூன் வழக்கில், அது உயிர் வாழும் உரிமையின் கூறு என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. குற்றம் சாட்டப்பட்டவன் கேட்கவில்லை என்று சொல்லி அவ்வுதவியை மறுத்தலாகாதென 1986-இல் சுக் தாஸ் வழக்கில் மேலும் தெளிவாக்கியது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும் வருமானக் கணக்கின்றி இவ்வுதவியைப் பெறலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். ஆயுள் தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரையே இவ்வாறு நியமிக்க வேண்டுமென்று 2019-இல் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. ஆகவே இலவசம் என்பதால் அது ஏளனத்துக்குரியதன்று.

குடும்பத்தார் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. கைதானவனை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். காவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் அவனுக்கு எதிரான சாட்சியமாகாது. அவன் உடலிலும் காயம் இருப்பின் அதை நடுவரிடமும் மருத்துவரிடமும் அன்றே காட்டுதல் வேண்டும். நாள் கடந்தால் வடு மறையும், சான்றும் மறையும். தொண்ணூறு நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. சாட்சிகளை அணுகிப் பேசுவதும், மிரட்டுவதும், தலைமறைவாவதும் வழக்கைக் கெடுக்கும், ஆன்மாவையும் கெடுக்கும்.

இனி மறைநூலின் பக்கம் திரும்புவோம். தானியேல் ஆகமத்தில் வரும் சூசன்னாவை ஊரே கொலைத் தண்டனைக்குக் கொண்டு சென்றது. மூப்பர் இருவர் சாட்சி கூறியபின் கேள்வி ஏது? ஆயினும் இளைஞன் தானியேல் குறுக்கிட்டு, அவ்விருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று தனித்தனியே வினவினான். இருவரும் இரு வேறு மரங்களைச் சொல்ல, பொய் வெளிப்பட்டது. இன்று குறுக்கு விசாரணை எனப்படுவது வேறென்ன? நம் ஆண்டவர் வாக்களித்த தூய ஆவியாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும், வழக்கில் ஒருவன் அருகே நின்று அவனுக்காகப் பேசுபவர் என்னும் பொருளுண்டு. சாத்தான் என்னும் எபிரேயச் சொல்லின் பொருளோ குற்றம் சாட்டுபவன். பிரெஞ்சு நாட்டின் பிரித்தானி நிலத்தில் பங்குத் தந்தையாகவும் ஏழைகளின் வழக்கறிஞராகவும் வாழ்ந்து 1303-இல் மறைந்த புனித ஈவோவை, வழக்கறிஞர்களின் பாதுகாவலராகத் திருச்சபை வணங்குகிறது.

எனினும் ஓர் எல்லை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன், தான் சொல்லக் கடமைப்படாததைச் சொல்லாதிருக்கலாம். பொய் சொல்லலாகாது என்பது புனித அக்குவினா தோமையாரின் போதனை. பொய்ச்சாட்சி தேடுவதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. செய்ததற்கு மிஞ்சிய தண்டனை வராமல் காக்கவும், செய்யாததற்குத் தண்டனை வராமல் காக்கவுமே அவர் வேண்டும். நீதிமன்றம் விடுவித்தாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் விடுதலை தனியே பெறவேண்டும். காயம்பட்டவனுக்குச் செய்யவேண்டிய பரிகாரமும் நீங்காது.

அன்றிரவு அந்தத் தாய்க்கு நான் கூறியதும் இதுவே: “அம்மா, வக்கீல் வைப்பது பாவமன்று. ஆனால் அவரிடம் உன் மகன் உண்மை முழுவதையும் சொல்லட்டும். நீ அடுத்த வீட்டுத் தாயைப் போய்ப் பார்.”

சட்ட உதவியில் வந்த வழக்கறிஞர் சிறையில் அவ்விளைஞனைக் கண்டபோது, அவன் முன்கையில் ஆறாத வெட்டுக் காயம் ஒன்று இருந்தது. அதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவனும் வெட்கத்தால் சொல்லவில்லை. வழக்கு முடிவு இன்னும் வரவில்லை; அதனை முன்கூட்டி உரைக்க நான் யார்? அடிபட்டவன் உயிர் பிழைத்து மீண்டும் கடலுக்குச் செல்கிறான். அவன் தாய் முதன்முறை கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் திறக்கவில்லை. மூன்றாம் முறை திறந்தாள். இருவரும் ஒன்றும் பேசாமல் திண்ணையில் வெகுநேரம் அமர்ந்திருந்ததாக அறிந்தேன்.

நம் பங்குகளில் இத்தகைய இல்லங்கள் உண்டெனில், இரு வீட்டுக்கும் செல்வோமாக. ஒன்றில் மருந்துக்கு உதவுவோம். மற்றொன்றில் வழக்கறிஞருக்கு வழிகாட்டுவோம். தீர்ப்பை, தீர்ப்பிட வேண்டியவர்களிடம் விட்டுவிடுவோம்.