முதலாளி மறுத்தார்; ரசிகர்கள் கொடுத்தார்கள்!
குஸ்திக் கோதாவில் ஓர் அதிசயம்

குஸ்தி என்றால் தமிழ்நாட்டில் என்றுமே கூட்டத்துக்குக் குறைவு இல்லை. 1950-ம் ஆண்டுகளில் தாராசிங், கிங்காங் போன்ற பயில்வான்கள் சென்னையிலும் கோதாவில் இறங்கினார்கள். அவர்களைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள்.

இப்போது கோதாவே வீட்டுக்குள் வந்துவிட்டது. திருவள்ளூரில் இருக்கும் பையனும் அமெரிக்க குஸ்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் கைப்பேசியில் பார்க்கிறார். பெட்டிக்கடையில் விற்ற "டிரம்ப் கார்டு" சீட்டுகளை மறந்துவிட முடியுமா? பயில்வானின் உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, மார்பளவு எவ்வளவு, எத்தனையாவது "ரேங்க்" என்று சீட்டில் அச்சடித்திருக்கும். முதல் ரேங்க் சீட்டு கையில் இருப்பவன் ராஜா!

சீட்டில் ரேங்க் போடுவது அச்சகத்தார். நிஜமான கோதாவில் ரேங்க் போடுவது யார்?

முதலாளிதான்!

முன்பே எழுதிய முடிவு

அமெரிக்காவில் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற நிறுவனம் இந்தக் குஸ்தியை நடத்துகிறது. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். இது ரகசியம் அல்ல. "இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு" என்று 1989-ம் ஆண்டில் நியூஜெர்சி மாநில அரசிடம் நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. பத்து அடி உயரத்தில் இருந்து விழுந்தால், விழுவது விழுவதுதான். கழுத்து எலும்பு நாடகம் ஆடாது. பல பயில்வான்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

முடிவு முன்பே எழுதப்பட்டது என்றால், பயில்வான் எவ்வளவு திறமை காட்டினாலும் பயன் இல்லை. முதலாளி மனம் வைத்தால் பட்டம். மனம் வைக்காவிட்டால், காலம் முழுவதும் மற்றவனிடம் அடி வாங்க வேண்டியதுதான். பதினொரு வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு, நேற்று வந்தவர் சூப்பர்வைசர் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

ஆனால், முதலாளி எழுதிய முடிவை ரசிகர்கள் கூச்சல் போட்டே மாற்றிய சம்பவம் இரண்டு முறை நடந்தது!

18 வினாடி

முதல் ஆள் பெயர் டேனியல் பிரையன். ஆறடி உயரம் கூட இல்லை. முகத்தில் ஆட்டுத் தாடி. பார்த்தால் பயில்வான் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் குஸ்திப் பிடிகளில் மகா கெட்டிக்காரர்.

2012-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி. மியாமி நகருக்கு அருகே "ரெஸில்மேனியா" விழா. இது குஸ்தி ரசிகர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் தேர்த் திருவிழா மாதிரி. அன்று பிரையன் பட்டத்தோடு கோதாவில் ஏறினார். காதலிக்கு ஒரு முத்தம் கொடுத்தார். திரும்பினார். எதிரி ஷேமஸ் ஓங்கி ஓர் உதை விட்டார். அவ்வளவுதான்! 18 வினாடியில் பட்டம் போய்விட்டது.

ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. மறுநாள் நடந்த காட்சியில் அரங்கம் முழுவதும் ஒரே கோஷம்: "எஸ்! எஸ்! எஸ்!" அதாவது "ஆமாம்! ஆமாம்!" இது பிரையன் அதுவரை வில்லனாக இருந்தபோது, ஜெயித்த கர்வத்தில் கத்திக் காட்டிய சொல். அதையே ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கைகளையும் மேலே நீட்டி நீட்டிக் கத்தினார்கள். இண்டர்நெட்டிலும் அவருக்காக எழுதிக் குவித்தார்கள்.

நிறுவனம் மசியவில்லை. 2013 ஆகஸ்டில் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் பறித்தும் விட்டார்கள். "நீ பி-பிளஸ் ஆள்தான்" என்று கதையிலேயே அவரை மட்டம் தட்டினார்கள். முதல் தரம் இல்லையாம்!

பிறகு வந்தது 2014 ஜனவரி 26. பிட்ஸ்பர்க் நகரில் "ராயல் ரம்பிள்". முப்பது பயில்வான்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒருவரை ஒருவர் கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே எறியும் சண்டை. கடைசியில் மிஞ்சுகிறவருக்கு ரெஸில்மேனியாவில் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. முப்பதாவது ஆளாகப் பிரையன் வருவார் என்று அரங்கமே காத்திருந்தது.

வந்தவர் ரே மிஸ்டீரியோ! முகமூடி போட்ட இவர் குழந்தைகளின் செல்லப் பயில்வான். எங்கே போனாலும் கைதட்டல் வாங்குகிறவர். அன்று பாவம், "ஊ" என்று கத்தி அவரை அவமானப்படுத்தினார்கள். ஜெயித்த படிஸ்டாவுக்கும் அதே மரியாதைதான். பிரையன் அந்த முப்பது பேரில் இல்லவே இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு முதலாளிமார் யோசித்தார்கள். டிக்கெட் வாங்குகிறவன் கத்தினால் கல்லாப் பெட்டிக்கும் காது கேட்கும் அல்லவா? மார்ச் 10-ந் தேதி மெம்பிஸ் நகரில், பிரையனின் படம் போட்ட சட்டைக்காரர்கள் ஏராளமானோர் கோதாவில் ஏறி நிறைந்தார்கள். "கேட்டதைக் கொடுக்காவிட்டால் இறங்க மாட்டோம்" என்றார்கள். இது நிறுவனமே ஏற்பாடு செய்த காட்சிதான். வெளியே நடந்த கலகத்தைப் பார்த்துக் கதைக்குள்ளே ஒரு கலகம் எழுதினார்கள்!

2014 ஏப்ரல் 6. நியூ ஆர்லியன்ஸ் நகரம். பிரையன் ஒரே இரவில் இரண்டு சண்டை போட்டார். முதலில் டிரிபிள் எச் என்ற பயில்வானை வென்றார். இவர் பயில்வான் மட்டும் அல்ல. நிறுவனத்தில் பெரிய அதிகாரி, முதலாளியின் மருமகன்! பிறகு ரேண்டி ஆர்ட்டன், படிஸ்டா இருவரையும் எதிர்த்துப் பட்டம் வாங்கினார்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அந்த மாதமே அவர் தந்தை இறந்தார். மே மாதம் கழுத்தில் அறுவை சிகிச்சை. ஜூனில் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2016-ல் "இனி குஸ்தி இல்லை" என்று கண்ணீரோடு விடை பெற்றார். டாக்டர்கள் அனுமதித்த பிறகு 2018-ல் திரும்பி வந்தார். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி வில்லனாகி, பட்டத்தையும் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை பிறந்தவர்

இரண்டாம் ஆள் பெயர் கோபி கிங்ஸ்டன். பெயரைக் கேட்டால் பக்கத்துத் தெருக்காரர் போல இருக்கிறதா? அவர் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் பிறந்தவர். அங்கே அக்கான் இனத்தார் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்குக் கோபி என்று பெயர் வைப்பார்கள். இவர் பிறந்தது 1981 ஆகஸ்ட் 14. அன்று வெள்ளிக்கிழமைதான்!

சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்கா போய்விட்டது. கல்லூரிப் படிப்பை முடித்தார். குஸ்தி ஆசை பிடித்துக்கொண்டது. 2008 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ. மேடைக்கு வந்தார்.

வந்தவுடன் நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. "இவர் ஜமைக்காக்காரர்" என்று அறிவித்தது! ஜமைக்கா எங்கே, கானா எங்கே? நடுவில் ஒரு பெருங்கடலே இருக்கிறது. ஜமைக்காக்காரர் போலப் பேசிப் பேசிச் சண்டை போட்டார். 2009-ல்தான் அந்த வேஷம் கலைந்தது.

உடம்பு ரப்பர் மாதிரி. ராயல் ரம்பிள் சண்டையில் இரண்டு பாதமும் வெளியே தரையில் பட்டால்தான் அவுட். 2012-ல் அவரை வெளியே தள்ளினார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தலைகீழாக நின்று, கைகளாலேயே தரையில் நடந்துபோய், மறுபடி கோதாவில் ஏறினார்! அதைப் பார்க்கவே வருடா வருடம் ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

2014-ல் பிக் ஈ, சேவியர் உட்ஸ் என்ற இரண்டு கூட்டாளிகளோடு "நியூ டே" என்ற கோஷ்டி அமைத்தார். மூவரும் கறுப்பர்கள். ஆட்டம், பாட்டம், கும்மாளம். ஜோடிப் பட்டத்தை 483 நாட்கள் தொடர்ந்து வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் பெரிய பட்டம்? அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பதினொரு வருடம் ஓடிவிட்டது.

யாருக்கோ பட்ட காயம்

2019 பிப்ரவரியில் ஆறு பேர் மோதும் பெரிய பட்டச் சண்டை ஒன்று இருந்தது. அதில் முஸ்தபா அலி என்பவருக்கு இடம். இவர் முன்பு போலீஸ்காரராக வேலை பார்த்தவர். திடீரென்று அவருக்குக் காயம். அந்த இடத்தை நிரப்ப ஒரு ஆள் வேண்டும். "கோபியைப் போடு" என்றார்கள்.

பிப்ரவரி 12-ந் தேதி கோபி ஒரு மணி நேரத்துக்கு மேல் கோதாவில் நின்றார். ஒருவர் போனால் ஒருவர் வந்தார். முதலில் வந்தவரே பட்டக்காரர் பிரையன். அவரையே கீழே போட்டு அமுக்கினார் கோபி! அடுத்து ஜெஃப் ஹார்டி, பிறகு சமோவா ஜோ. இருவரும் தோற்றார்கள். நான்காவது ஆளிடம்தான் கோபி விழுந்தார். ரசிகர்கள் எழுந்து நின்று விட்டார்கள்.

ஐந்து நாள் கழித்து ஹூஸ்டன் நகரில் பட்டச் சண்டை. ஆறு பேரில் கடைசியாக மிஞ்சியவர்கள் பிரையனும் கோபியும். பிரையன் ஜெயித்தார். ஆனால் அரங்கம் தோற்றவருக்குக் கைதட்டியது. "கோபிமேனியா" என்ற சொல் இண்டர்நெட்டில் தீப்போலப் பரவியது.

கவனித்தீர்களா? ஐந்து வருடத்துக்கு முன் ரசிகர்கள் யாருக்காகக் கத்தினார்களோ, அதே பிரையன்தான் இப்போது வழியை மறித்து நிற்கிறார்!

முதலாளி வின்ஸ் மக்மேன் மேடைக்கே வந்தார். அப்போது நிஜத்திலும் அவர்தான் முதலாளியாக இருந்தார். கதையிலும் அவர்தான் முதலாளி. கோபிக்குக் கொடுத்த வாய்ப்பைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார். மார்ச் 19-ந் தேதி, "ஐந்து பேரை வென்றால் ரெஸில்மேனியாவில் இடம்" என்றார். கோபி ஐந்து பேரையும் வென்றார். தள்ளாடி நின்றார். முதலாளி மறுபடி வந்து, "இன்னும் ஒருவர் பாக்கி" என்றார். வந்தவர் பிரையன். கோபி தோற்றார்.

இதுவும் எழுதிய கதைதான். ஆனால் அதைப் பார்த்தவர்களின் வயிற்றெரிச்சலை யாரும் எழுதவில்லை. கறுப்பர் என்பதால்தான் பெரிய பட்டம் கிடைக்கவில்லையா என்ற கேள்வியும் எழுந்தது. அது கதைக்கு வெளியேயும் வெகுநாளாகக் கேட்கப்பட்ட கேள்வி.

அடுத்த வாரம் கூட்டாளிகள் இருவரும் கோபிக்காகக் கோதாவில் இறங்கினார்கள். ஜோடி ஜோடியாக எதிரிகள் வந்தார்கள். உசோ சகோதரர்கள் முறை வந்தபோது, அவர்கள் சண்டை போடாமலே மரியாதையாக விலகிக்கொண்டார்கள். கூட்டாளிகள் ஜெயித்தார்கள். கோபிக்கு இடம் கிடைத்தது.

விடிகாலைப் பட்டம்

2019 ஏப்ரல் 7. நியூஜெர்சியில் ரெஸில்மேனியா. 82 ஆயிரம் பேருக்கு மேல் கூடியதாக நிறுவனம் கணக்குச் சொன்னது. அங்கே ஞாயிறு இரவு என்றால் இங்கே திங்கள் காலை. கும்மிடிப்பூண்டியில் முதல் ஷிப்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரம்.

கோபி பிரையனை வென்றார்! ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பிரையன் "தோல் வேண்டாம்" என்று சொல்லி நாரிலும் மரத்திலும் ஒரு பட்டைச் செய்து வைத்திருந்தார். கூட்டாளிகள் அதை ஒதுக்கிவிட்டுப் பழைய தோல் பட்டையைக் கொண்டு வந்து கோபியிடம் கொடுத்தார்கள். அவருடைய இரண்டு சிறு பையன்களும் கோதாவுக்குள் ஓடி வந்தார்கள். அரங்கில் அழாதவர்கள் குறைவு.

அந்த ஆண்டு கோபி பட்டத்தோடு தாய்நாடு கானாவுக்குப் போய் வந்தார். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்து 400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, "திரும்பி வாருங்கள்" என்று கானா அரசு அழைத்த ஆண்டு அது.

பட்டம் 180 நாட்கள் அவரிடம் இருந்தது.

அக்டோபர் 4. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். நிகழ்ச்சி ஒரு பெரிய தொலைக்காட்சிக்கு மாறிய முதல் நாள். எதிரே மலை போன்ற பிராக் லெஸ்னர். மணி அடித்தது. கோபி பாய்ந்தார். லெஸ்னர் அவரை அப்படியே தோளில் ஏந்திச் சுழற்றி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று! பத்து வினாடி கூட ஆகவில்லை. பிரையனுக்காவது 18 வினாடி கிடைத்தது.

அடுத்த வாரம் கோபி பழையபடி கூட்டாளிகளோடு ஜோடிச் சண்டைக்குத் திரும்பினார். தோற்ற பட்டத்தைப் பற்றிப் பேசக்கூட அவருக்கு நேரம் ஒதுக்கவில்லை. ரசிகர்கள் குமுறினார்கள். இந்தத் தடவை முதலாளி காதில் விழவில்லை.

பிரையன் 2021-ல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். 2024 ஆகஸ்டில் லண்டனில் அங்கேயும் பெரிய பட்டத்தை வென்றார்.

கோபி? 2024 டிசம்பரில் "நியூ டே" கோஷ்டியின் பத்தாவது ஆண்டு விழா. பிக் ஈ கழுத்து எலும்பு முறிந்து 2022 முதல் சண்டை போடாமல் இருந்தவர். அந்தக் கூட்டாளியையே கோபியும் உட்ஸும் மேடையில் வைத்து விரட்டிவிட்டார்கள். கதைப்படி இருவரும் வில்லன்கள் ஆனார்கள். 2025 ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் ஜோடிப் பட்டத்தை வென்றபோது கோபிக்குக் கிடைத்தது "ஊ" என்ற சத்தம்தான்.