அம்புக்குறிகளுக்கு வந்த வழக்கு

உங்கள் கீபோர்டில் உள்ள நான்கு அம்புக்குறி கீகளை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? வேர்டில் கர்சரை நகர்த்துவதற்கு, அவ்வளவுதானே. அந்த நான்கையும் தரையில் பெரிதாகப் பதித்து, பாட்டுக்கு ஏற்றபடி காலால் மிதிக்க வைத்தார்கள். 1998ல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற ஆர்க்கேட் விளையாட்டு அது. காசு போட்டு ஆடும் ஆளுயர இயந்திரங்களைத்தான் ஆர்க்கேட் என்கிறோம். திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறி வரும். மேலே உள்ள குறியைத் தொடும் நொடியில் சரியான திசைப் பலகையை மிதிக்க வேண்டும்.

எங்கள் குன்னத்தூரில் அப்படி இயந்திரம் ஏது? இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் ஸ்டெப்மேனியா என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம்தான் எனக்கு இது அறிமுகம். அதே ஆட்டத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட 2001ல் ஆர்வலர்கள் எழுதத் தொடங்கியது அது. சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்தே இருக்கும். யாரும் எடுத்து மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த ராக்சர் கேம்ஸ் அதைத்தான் செய்தது. ஸ்டெப்மேனியாவை அடிப்படையாகக் கொண்டு 2004ல் 'இன் த குரூவ்' என்ற ஆர்க்கேட் விளையாட்டை வெளியிட்டது. பெட்டிக்குள் இருந்தது லினக்ஸில் இயங்கும் சாதாரண கம்ப்யூட்டர்! யூ.எஸ்.பி. டிரைவைச் செருகி நம் மதிப்பெண்களைச் சேமிக்கலாம். மிதிக்கக் கூடாத கண்ணிவெடிகளும் அம்புகளோடு ஏறி வரும். மிக உயர்ந்த மதிப்பீடு வேண்டுமென்றால் சுமார் 0.02 வினாடிக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள்.

சிக்கல் எங்கே வந்தது? பழைய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் பெட்டிகளுக்குள்ளேயே பொருத்தும் 'கிட்'டாகவும் ராக்சர் இதை விற்றது. 2005 மே மாதம் கொனாமி வழக்குத் தொடுத்தது. அதன் பிறகும் அதே ஆண்டில் இரண்டாம் பாகமும், பிளேஸ்டேஷன் 2 பதிப்பும் வந்தன. 2006 அக்டோபரில் சமரசம் ஏற்பட்டு, விளையாட்டின் உரிமை கொனாமி கைக்குப் போனது. மூன்றாம் பாகம் வரவே இல்லை. அடுத்தவர் பெட்டிக்குள் தன் சரக்கை வைத்தால் சும்மா இருப்பார்களா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வாங்கியதை வளர்க்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டெப்மேனியாவோ பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து பிரிந்த ஐடிஜிமேனியா என்ற பதிப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. இன் த குரூவ் இசையமைப்பாளர் கைல் வார்டும் பிறகு ஸ்டெப்மேனியா எக்ஸ் என்ற புதிய இயந்திரத்தைக் கொண்டுவந்தார்.

ஸ்டெப்மேனியாவை இன்ஸ்டால் செய்ததும் சாங்ஸ் ஃபோல்டரைத் திறந்து, ஏதாவது ஒரு பாட்டின் எஸ்.எம். அல்லது எஸ்.எஸ்.சி. என்று முடியும் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பயப்படாதீர்கள், வெறும் டெக்ஸ்ட்தான். 1000, 0010 என்று வரிசையாக எண்கள் தெரியும். நான்கு இடங்களும் முறையே இடது, கீழ், மேல், வலது. 1 என்றால் மிதி, 0 என்றால் சும்மா இரு. 1001 என்றால் இடது வலது இரண்டிலும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். எம் என்ற எழுத்துதான் கண்ணிவெடி. ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு எண்களை மாற்றி, ஆட்டத்தை ஓடவிடுங்கள். நடனம் மாறியிருக்கும்! ஒரு புரோகிராம் டேட்டாவை எப்படிப் படிக்கிறது என்பது எனக்குக் கல்லூரி வகுப்பைவிட இதில்தான் நன்றாகப் புரிந்தது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மலிவான கீபோர்டுகள் சிலவற்றில் மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. அது உங்கள் தவறல்ல. புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி தாமதமாக வருவதால் தாளம் தப்பும். வயர் ஸ்பீக்கரே நல்லது. யூ.எஸ்.பி.யில் இணைக்கும் டான்ஸ் மேட் கிடைத்தால் காலாலேயே ஆடலாம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் பெடலை மிதித்துப் பழகிய என் அத்தை, என் மேட்டில் ஏறிய முதல் நாளே என்னை ஜெயித்துவிட்டார்.