அணைச் சேற்றில் குளோரினைச் சுவாசிக்கும் உயிர்கள்

மழை பிடித்துக்கொண்டால், கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் ஆறு தே தாரிக் நிறத்துக்கு மாறிவிடும். மேட்டுச் சரிவுகளின் மண் அது. தேயிலைச் செடி மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கும். வெட்டித் திறந்த காய்கறிப் பாத்தி பிடிக்காது. அந்த மண்ணில் பெருமளவு, ரிங்லெட்டில் 1963-இல் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையில் தங்குகிறது. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாமில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்ப்பலி வாங்கின.

மண்ணோடு பூச்சி மருந்தும் வரும். டி.டி.டி., லிண்டேன், எண்டோசல்ஃபான் ஆகியவை குளோரின் கலந்த மருந்துகள். இவை நீரில் எளிதில் கரையாமல் களிமண்ணிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொள்ளும். மலேசியா டி.டி.டி.யை 1999-இலும் எண்டோசல்ஃபானை 2005-இலும் தடைசெய்தது. அதன் பின்னரும் கேமரன் மலை ஆறுகளில் குளோரின் மருந்துகளின் எச்சத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நீர்நிலையின் அடிச்சேற்றை வெட்டிப் பார்த்தால், மேலே மெல்லிய பழுப்பு ஏடு. அதன் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் அங்கே தீர்ந்துவிட்டது என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி.

நாம் உண்ணும் உணவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. சுவாசம் என்பதன் சாரம் அவ்வளவுதான். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் சேர்மத்திடம் தள்ளிவிடுகின்றன. உடனே ஒரு குளோரின் கழன்று, நம் சமையல் உப்பில் உள்ள அதே குளோரைடாக நீரில் கலக்கிறது. இவற்றில் பேர்போனது டீஹேலோகாக்காய்டிஸ். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய இரண்டாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் திறமையை உலகுக்குக் காட்டினார்கள்: உலர்சலவைக் கடைகளில் புழங்கும் கரைப்பானின் நான்கு குளோரின்களையும் இது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும்.

ஆனால் இது தனியாளாகப் பிழைக்காது. இதற்கு வேண்டிய ஹைட்ரஜனை, இலைதழையை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் தரவேண்டும். குளோரினைக் கழற்றும் நொதிக்குத் தேவையான வைட்டமின் பி12-ஐயும் அண்டை அயலாரிடமிருந்துதான் வாங்கவேண்டும்.

வேலை பாதியில் நிற்பதும் உண்டு. டி.டி.டி.யில் ஐந்து குளோரின்கள். காற்றில்லாச் சேற்றில் ஒன்று கழன்றால் டி.டி.டி. (DDT) என்பது டி.டி.டீ. (DDD) எனப்படும் வேறொரு சேர்மமாகும். காற்றுள்ள மேட்டுமண்ணில் டி.டி.ஈ. (DDE) ஆகும். இரண்டுமே எளிதில் அழியாதவை, நச்சு நீங்காதவை. இந்த இரண்டில் எது மிகுதி என்று பார்த்தே, மருந்து காற்றுள்ள மண்ணில் கிடந்ததா, காற்றில்லாச் சேற்றில் கிடந்ததா என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். களிமண் துகளுக்குள் பதுங்கிய மருந்தோ பாக்டீரியாவின் கைக்கே எட்டாது.

அணைக்குக் கொள்ளளவு வேண்டுமென்றால் தூர்வாரித்தான் ஆகவேண்டும். கரையேறிய சேற்றில் காற்று புகுந்ததும் குளோரினைச் சுவாசிப்பவை முடங்கிவிடும். அதனால் அந்தச் சேற்றை எங்கே கொட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. அதைவிட முக்கியம், மேட்டுமண் மேட்டிலேயே நிற்பது. ஒவ்வொரு குளோரினாகக் கழற்றும் உயிர்களிடம், ஒவ்வொரு மழையும் புதுச்சுமையை இறக்கிக்கொண்டே போனால் கணக்கு என்றைக்குத் தீரும்?