மூன்று நாவல்களும் மூன்று பெண்களும்



இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கள் கையை விட்டுப் போன பொருட்களைக் கணக்கெடுத்தால், புத்தகம் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். பாய், பானை, தையல் மெசின், சைக்கிள் என்று ஒவ்வொன்றாக விட்டு வந்தோம். வாசிப்பை எந்த இடத்தில் விட்டேன் என்று எனக்கே தெரியாது. மீளக் குடியேறிய பிறகும் கிணறு துப்புரவாக்குவதும், வீட்டுக்கு அத்திவாரம் போடுவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுமாக ஆண்டுகள் ஓடிவிட்டன. கதைப் புத்தகம் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நானும் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

என்னைத் திரும்ப வாசிக்க வைத்தவள் என் மகள். 2008இல் பிறந்தவள். உயர்தரம் படிக்கிறாள். ஆங்கில அறிவை வளர்ப்பதற்காக நூலகத்திலிருந்து நாவல்களை எடுத்து வருவாள். இரவில் சில பக்கங்களை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்லுவாள். விளங்காத சொல்லுக்கு இருவருமாக அகராதியைப் புரட்டுவோம். அப்படி இரண்டு நாவல்களை முடித்தோம். மூன்றாவது தமிழ் நாவல். அதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று மர்ம நாவல், மற்றது இளையோருக்கானது, அடுத்தது சரித்திர நாவல். என் மனதில் பட்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கதையின் முடிவுகளையும் சொல்லவேண்டி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லறையில் கிடந்தவள் யார்?

முதலாவது, ஆங்கில எழுத்தாளர் டாஃப்னே து மோரியர் 1938இல் எழுதிய ‘ரெபேக்கா’. ஏழ்மையான இளம்பெண் ஒருத்தி பெரிய பிரபு ஒருவரை மணந்து அவருடைய மாளிகைக்கு வருகிறாள். முதல் மனைவி ரெபேக்கா கடலில் மூழ்கி இறந்துவிட்டாள். ஆனால் வீடெங்கும் அவளுடைய நினைவுதான். வீட்டை நிர்வகிக்கும் டான்வர்ஸ் என்ற பெண், புதியவளை ஒவ்வொரு நாளும் மட்டந்தட்டுகிறாள். கதையைச் சொல்பவளே இந்த இளம்பெண்தான். ஆனால் அவளுடைய பெயர் என்னவென்று நாவலின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு சரி. எங்களில் எத்தனை பேருக்கு இது பழகிப்போன விடயம்!

மர்ம நாவல் என்றால் எனக்குப் பயம். நள்ளிரவில் கதவு தட்டப்படும் கட்டங்களை எங்களால் பொழுதுபோக்காக வாசிக்க முடியாது. ஆனால் இந்த நாவலில் பயம் மெல்ல மெல்லத்தான் வருகிறது. ஒரு நாள் கடலடியில் ரெபேக்காவின் படகு அகப்படுகிறது. உள்ளே ஒரு சடலம். அப்படியானால் ரெபேக்கா என்று சொல்லிக் குடும்பக் கல்லறையில் புதைக்கப்பட்டவள் யார்? அவள் கரையொதுங்கிய வேறு யாரோ ஒரு பெண். ‘இது என் மனைவிதான்’ என்று அடையாளம் காட்டியவர் கணவர். அது பொய் என்று தெரிந்தே காட்டினார். ஏனென்றால் ரெபேக்காவைச் சுட்டுப் படகோடு மூழ்கடித்தவரே அவர்தான்.

இந்த இடத்தில் மகளிடம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டேன். என் தம்பி 2009இல் காணாமற்போனவன். அதன் பிறகு ஓர் அலுவலகத்தில், இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் அலுவல்கள் சுலபமாகும் என்று அம்மாவுக்குச் சொன்னார்கள். அம்மா கையெழுத்து வைக்கவில்லை. “என்ர பிள்ளை செத்தவன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நான் கண்டனானே?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீண் பிடிவாதம் என்று அன்று நானும் கோபித்தேன். யாரோ ஒருவருடைய வாக்குமூலத்தால் ஒரு பெண் வேறொருத்தியின் பெயரில் புதைக்கப்பட்ட கதையை வாசித்தபோதுதான் அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு விளங்கியது.

நாவலைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. கணவர் கொலையை ஒப்புக்கொள்ளும்போது இளம் மனைவி பெரிதும் ஆறுதல் அடைவது, அவர் ரெபேக்காவை ஒருநாளும் நேசிக்கவில்லை என்பதில்தான். வாசிக்கும் நாங்களும் அவர் எப்படியாவது தப்பவேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறோம். அது எழுத்தாளரின் சாமர்த்தியம். ஆனால் ரெபேக்காவின் பக்கத்தைச் சொல்ல யாரும் இல்லை. கல்லறையில் கிடந்த அந்த முகந்தெரியாத பெண்ணைத் தேடி ஒரு தாய் எங்காவது காத்திருந்திருப்பாளே என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

பங்கருக்குள் ஒரு வாசகி

இரண்டாவது, அவுஸ்திரேலிய எழுத்தாளர் மார்க்கஸ் சூசாக் 2005இல் வெளியிட்ட ‘த புக் தீஃப்’. புத்தகத் திருடி என்று பொருள். ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்காலத்தில் நடக்கும் கதை. சூசாக்கின் பெற்றோர் ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் குடிபெயர்ந்தவர்கள். அவர்கள் சொன்ன போர்க்கால நினைவுகள்தான் இந்த நாவலுக்கு வித்து. கதையைச் சொல்வது மரணம். எமனே இருந்து கதை சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீசல் என்ற சிறுமி வளர்ப்புப் பெற்றோரிடம் அனுப்பப்படுகிறாள். வழியில் ரயிலிலேயே அவளுடைய தம்பி இறந்துபோகிறான். அவனைப் புதைத்த இடத்தில் பனியில் கிடந்த புத்தகமொன்றை எடுத்து வருகிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் வளர்ப்புத் தகப்பன் ஹான்ஸ், நிலவறைச் சுவரில் பெயின்றால் சொற்களை எழுதி அவளுக்கு வாசிக்கப் பழக்குகிறார். அதே நிலவறையில் ஒரு யூத இளைஞனையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அகப்பட்டால் குடும்பமே அழியும் என்று தெரிந்தும் சோறு போடுகிறார்கள்.

புத்தகங்களைத் தெருவில் குவித்து எரிக்கும் கட்டம் ஒன்று வருகிறது. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்தும் லீசல் ஒரு புத்தகத்தை இழுத்தெடுத்துச் சட்டைக்குள் மறைக்கிறாள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பற்றி அன்றிரவு மகளுக்குச் சொன்னேன்.

குண்டுவீச்சு நேரத்தில் அயலவர்கள் எல்லோரும் ஒரு நிலவறைக்குள் ஒடுங்கியிருக்கிறார்கள். குழந்தைகள் அழுகின்றன. லீசல் புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை அடங்குகிறது. அதற்குப் பிறகு, அதுவரை இவர்களுடைய வாசற்கதவில் காறித் துப்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் வந்து, தன் பங்கீட்டுக் கோப்பியைத் தருவதாகவும் தனக்கும் வாசித்துக் காட்டும்படியும் கேட்கிறாள். பிறகு அவளுடைய மகன் ஸ்டாலின்கிராட் போரில் இறந்த செய்தி வருகிறது.

“அம்மா, நீங்களும் இப்பிடித்தானே பங்கருக்க இருந்தனீங்கள்? நான் எங்க இருந்தனான்?” என்று மகள் கேட்டாள். “என்ர மடியில” என்றேன். அவளுடைய காதை என் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்ததை அன்றுதான் முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன். பதினேழு வருடமாகச் சொல்ல வராத கதையை இந்தப் புத்தகம் சொல்ல வைத்தது.

முடிவு கொடியது. அபாய ஒலி எழாமலே ஓர் இரவில் குண்டு விழுகிறது. வளர்ப்புப் பெற்றோரும் தோழன் ரூடியும் தூக்கத்திலேயே இறந்துபோகிறார்கள். லீசல் மட்டும் தப்புகிறாள். அந்த நேரத்தில் அவள் நிலவறையில் இருந்து தன் சொந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளைகள் வாசிக்கலாம்; ஆனால் தனியே விடாமல் தாய்மாரும் கூட இருந்து வாசிப்பது நல்லது.

பேச்சில்லாதவளின் சித்திரங்கள்

மூன்றாவது உங்களில் பலருக்குத் தெரிந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகங்கள். சிறுமியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் இதை வாசித்தேன். அப்போது எனக்கு வந்தியத்தேவனின் குதிரையும் குந்தவையின் புத்தியும்தான் பெரிதாகத் தெரிந்தன. இப்போது வாசிக்கும்போது மந்தாகினி என்ற ஊமைப் பெண்ணைத்தான் தேடினேன்.

மந்தாகினி கல்கியின் கற்பனைப் பாத்திரம். இலங்கைக் கரையோரத் தீவொன்றில், இளவரசராக இருந்த சுந்தர சோழரை அவள் காப்பாற்றி நேசிக்கிறாள். பிறகு அரசியல் அவரைக் கூட்டிச் சென்றுவிடுகிறது. அவள் இறந்துவிட்டாள் என்று அருகிலிருந்தவர்கள் சொன்னதை அவர் நம்புகிறார். ஆயுள் முழுவதும் அவளுடைய ஆவி வருகிறது என்று அஞ்சுகிறார். அவளோ உயிரோடு திரிகிறாள்; காவேரியில் விழுந்த அவருடைய மகனையும் காப்பாற்றுகிறாள். கடைசியில் அவரை நோக்கி எறியப்பட்ட வேலைத் தன் உடலில் தாங்கி இறக்கிறாள்.

வாய் பேசாத அவள் இலங்கையில் பாழடைந்த கட்டடமொன்றின் சுவரில் தன் வாழ்க்கையைச் சித்திரங்களாக விட்டு வைத்திருக்கிறாள். லீசல் எழுத்துப் பழகியதும் சுவரில்தான் என்று மகள் நினைவூட்டினாள்.

சரித்திர நாவலைச் சரித்திரமாக எடுக்கக்கூடாது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது கல்வெட்டில் உள்ள செய்தி. அதைச் சுற்றியுள்ள சதிகளில் பெரும்பகுதி கல்கியின் கற்பனை. இலங்கைக்கு வந்த சோழப் படையெடுப்பையும் அவர் ஓர் உத்தம இளவரசனின் கதையாகவே காட்டுகிறார். போர் நடந்த மண்ணில் இருந்த சாதாரண குடிகள் அதில் அதிகம் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தையல் வகுப்பு முடிந்ததும் அரை மணித்தியாலம் இந்த நாவலை வாசித்தோம். எழுத்தறியாத ஒரு சகோதரிதான் முதலில் வந்து முன்னால் இருப்பார். ஒரு நாள் அம்மாவும் வந்திருந்தார். மந்தாகினியின் கதை முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா அழவில்லை. “அவள் செத்திட்டாள் எண்டு அந்த ராசாவுக்குச் சொன்னவங்கள் வடிவாத் தேடிப் பாத்தவங்களோ?” என்று மட்டும் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாவலில் கடைசி அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது; அங்கே எல்லாம் தெரியவரும். எங்களுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு கதையைக் கூடியிருந்து கேட்டால், மற்றவர் கேட்க மறுத்த கேள்வியை அங்கே கேட்க முடிகிறது. சகோதரிகளே, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் தூசி படிந்து கிடக்கும் புத்தகம் ஒன்றை எடுத்து வாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். நாங்கள் அடுத்த வெள்ளி புதுக் கதை தொடங்குகிறோம். எந்தக் கதை என்பதை அம்மாவே தெரிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம்.