முழங்காற் குருத்தெலும்பும் சத்திர சிகிச்சையும்

எண்சாண் உடம்புக்குத் தலையே முதன்மை என்பது முதுமொழி. ஆயினும், அத்தலை உள்ளிட்ட உடம்பு முழுவதையும் சுமந்து நடப்பதும், ஓடுவதும், கோணேசர் குன்றின்மீது ஏறுவதும், சந்நிதியில் மண்டியிட்டு வணங்குவதும் முழங்கால்களின் தொழிலேயாகும். நலமாயிருக்குங்கால் அவற்றை எவரும் நினைப்பதில்லை. அவற்றுள் ஒன்று ஒருநாள் நீள மறுக்கும்போதே அதன் அருமை புலப்படுகின்றது.

திருகோணமலை உதைபந்தாட்டத்திற் பற்று மிக்க ஊர். ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் பந்தாடிப் பழகிய இளைஞர் பலர். லிங்கநகரிலிருந்து விளையாட வந்த ஓர் இளைஞன், பந்தைத் துரத்திச் சென்று சட்டெனத் திரும்புகின்றான் என்று வைத்துக்கொள்வோம். பாதம் தரையில் ஊன்றியபடி நிற்க, உடல் மட்டும் திரும்புகின்றது. மடங்கிய முழங்கால் முறுக்குண்கின்றது. உள்ளே ஏதோ அறுந்தாற்போன்ற ஓர் உணர்ச்சி. எனினும் எழுந்து விளையாட்டை முடித்துக்கொண்டே வீடு செல்கின்றான். மறுநாட் காலையில் முழங்கால் வீங்கியிருக்கின்றது. சுளுக்கென்று எண்ணி எண்ணெய் பூசுகின்றனர். வீக்கம் வடிகின்றது, ஆனால் படியிறங்கும்போது கால் திடீரெனத் தளர்கின்றது. சில வேளைகளில் மடங்கிய கால் மடங்கியவாறே பூட்டிட்டாற்போல் நின்றுவிடுகின்றது. இவை முழங்காற் குருத்தெலும்பு கிழிந்தமைக்குரிய அறிகுறிகளாகும்.

தொடையெலும்பின் கீழ்முனை உருண்டையானது. அதனைத் தாங்கும் கணைக்கால் எலும்பின் மேற்பரப்போ ஏறக்குறையத் தட்டையானது. உருண்டையொன்று தட்டின்மேல் நிலையாக நிற்றல் அரிது. அக்குறையை நிறைவு செய்தற்பொருட்டு அவற்றிடையே பிறை வடிவான இரு குருத்தெலும்புகள் அமைந்துள்ளன. பாடநூல்கள் கசியிழையம் எனக் கூறும் பொருளால் ஆன இவற்றை மருத்துவர் மெனிஸ்கஸ் என்பர். வெளியோரம் தடித்தும் உள்ளோரம் மெலிந்தும் இருத்தலால், இவை சுமையைப் பரப்பி எலும்புகளின்மீது விழும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. கால் நீட்டியிருக்கும்போது மூட்டிற் செல்லும் சுமையில் ஏறக்குறையப் பாதியையும், மடங்கியிருக்கும்போது அதனினும் மிகுதியையும் இப்பிறைகளே ஏற்கின்றன. உட்பக்கப் பிறை எளிதில் நகராதவாறு இறுகப் பற்றியிருத்தலால், முறுக்கு நேரும்போது அதுவே பெரிதும் கிழிகின்றது.

கிழிந்த தோல் ஆறுகின்றது. முறிந்த எலும்பும் கூடுகின்றது. குருத்தெலும்பு மட்டும் ஏன் தானே கூடுவதில்லை? இதற்கு விடை இரத்த ஓட்டத்தில் உள்ளது. வளர்ந்தவர்களில் பிறையின் வெளியோரத்து ஏறக்குறைய மூன்றிலொரு பகுதிக்கே இரத்த நாளங்கள் செல்கின்றன. உட்பகுதி மூட்டு நீரினாலேயே ஊட்டம் பெறுகின்றது. ஆதலால், வெளியோரக் கிழிவு ஆறக்கூடும்; உள்ளோரக் கிழிவு ஆறுதல் அரிது. சிகிச்சை முழுவதற்கும் அடிப்படையாய் நிற்பது இவ்வேறுபாடேயாகும்.

இவ்வுண்மை எளிதில் அறியப்பட்டதன்று. ஈழத்தில் சத்திர வைத்தியத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவரைப் பயிற்றியதோடு, 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர நூலையும் தமிழில் வெளியிட்டார். அந்நூல் வெளிவந்து 16 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1883 இல், எடின்பரோ நகரிலே தோமஸ் அனன்டேல் என்பார் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து, இடம் பெயர்ந்த பிறையைத் தைத்துப் பொருத்தினார். முதல் முயற்சியே காக்கும் முயற்சியாய் இருந்தமை வியப்புக்குரியது.

ஆயினும் பின்வந்தோர் அவ்வழியிற் செல்லவில்லை. 1897 இல் பிளாண்ட்-சட்டன் என்னும் ஆங்கில அறிஞர், இப்பிறைகள் பயனற்றுப்போன தசையின் எச்சங்களே என எழுதினார். பயனில்லாத பொருளை எடுத்தெறிவதில் தயக்கம் ஏது? பல பத்தாண்டுகளாக, கிழிந்த பிறையை முழுவதும் அகற்றுதலே வழக்கமாயிற்று. நோயாளரும் விரைவில் நோவு நீங்கி எழுந்து நடந்தனர். ஆகவே அம்முறை நன்றெனவே தோன்றிற்று. 1948 இல் பெயர்பாங்க் என்னும் மருத்துவர், பிறை அகற்றப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, எலும்புகளின் இடைவெளி குறுகுதலையும், ஓரத்தில் எலும்பு வரம்பு எழுதலையும், தொடையெலும்பின் முனை தட்டையாதலையும் எடுத்துக் காட்டினார். பயனற்றதெனக் கருதப்பட்ட உறுப்பு அகன்றதும், எலும்பு தேயத் தொடங்கிற்று. இளமையில் அகற்றியதன் விலையை முதுமையிற் செலுத்த நேர்ந்தது.

இதற்கு மாற்று வழி யப்பானிலே பிறந்தது. 1918 இல் தோக்கியோவில் கென்ஜி தக்காகி என்பார், சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியால் இறந்தவரொருவரின் முழங்காலினுள்ளே நோக்கினார். அவர் வழிவந்த மசாக்கி வத்தனாபே, 1962 இல், மூட்டைத் திறக்காமலே அத்தகைய கருவியின் துணையால் பிறையின் கிழிந்த துண்டை மட்டும் அகற்றினார். 1969 இல் இக்கேயுச்சி அதே வழியாற் கிழிவைத் தைத்தார். அனன்டேல் தொடங்கிய பணி இவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது.

இனி, லிங்கநகர் இளைஞனிடம் மீள்வோம். அவன் முதலில் செய்யத் தகாதது ஒன்றுண்டு. பூட்டிக்கொண்ட காலை வலிந்து இழுத்து நிமிர்த்தலாகாது. இடையிற் சிக்கிய துண்டு அதனால் மேலும் கிழியக்கூடும். முறிவு நெரிவு வைத்தியரிடம் செல்வோரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். வைத்தியர் காலை மடக்கியும் திருப்பியும் நோவு எழும் இடத்தை அறிவார். எக்ஸ்-கதிர்ப் படம் எலும்பைக் காட்டுமேயன்றிக் குருத்தெலும்பைக் காட்டாது; அதற்கு எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். சிறு கிழிவாயின், ஓய்வும் பயிற்சியுமே போதும். பூட்டு நீங்காவிடின் சத்திரம் தேவையாகும்.

சத்திர சிகிச்சையின்போது பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி நீக்கப்படும். அல்லது முழு மயக்கம் கொடுக்கப்படும். முழங்காற் சில்லின் இருபுறமும் சிறு துளைகள் இடப்படும். ஒன்றன் வழியாக விளக்கும் வில்லையும் கொண்ட மெல்லிய குழலும், மற்றதன் வழியாக நுண்ணிய கத்தரியோ ஊசியோ செல்லும். உப்பு நீர் பாய்ச்சி மூட்டினை விரியச் செய்து, உட்காட்சியைத் திரையில் நோக்கியவாறே மருத்துவர் பணியாற்றுவார்.

அகற்றுவதா, தைப்பதா என்னும் கேள்வி இங்கேதான் எழுகின்றது. துண்டை அகற்றினால், இளைஞன் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடப்பான். நான்கு முதல் ஆறு வாரங்களில் மைதானத்துக்குத் திரும்பவுங் கூடும். தைத்தாலோ, நான்கு முதல் ஆறு வாரங்கள் ஊன்றுகோலுடனும் முழங்காற் கட்டுடனும் இருத்தல் வேண்டும். விளையாட்டுக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதங்கள் செல்லும். தைத்தது பொருந்தாது போய் மறுமுறை சத்திரம் வேண்டப்படுதலும் உண்டு. அடுத்த பருவத்துப் போட்டியை எண்ணும் இளைஞன் முன்னதையே விரும்புவான், அது இயல்பே. ஆயினும், தைக்கத்தக்க கிழிவாயின், பொறுத்திருந்து பிறையைக் காத்துக்கொள்வதே இருபது ஆண்டுகளின் பின் அவன் நடையைக் காப்பதாகும்.

சத்திரம் முடிந்ததும் சிகிச்சை முடிந்ததாக எண்ணுதல் பெருந்தவறு. நோவுற்ற முழங்காலைத் தாங்கும் தொடையின் முற்பக்கத் தசை சில நாட்களிலேயே மெலிந்துவிடும். ஆகவே, படுக்கையிலிருந்தபடியே அத்தசையை இறுக்கித் தளர்த்தல், முழங்காலை மடக்காது காலை உயர்த்துதல், கணுக்காலை மேலுங் கீழும் அசைத்தல் முதலியன தொடக்கத்திலேயே பயிலப்படும். பின்னர் நிலைச்சைக்கிள் மிதித்தலும், படியேறுதலும், இறுதியில் ஓட்டமும் ஒவ்வொன்றாகச் சேரும். காய்ச்சலோ, துளையிற் சீழோ, கெண்டைக்காலில் நோவும் வீக்கமுமோ தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நம் வாழ்க்கை முறைக்கே உரிய தடைகளும் உள. தரையிற் சப்பணமிட்டு உண்ணல், குந்தியிருத்தல், மண்டியிடல் ஆகியன மூட்டைப் பெரிதும் மடக்குவன. தைத்த முழங்காலுக்கு இவை சில மாதங்கள் விலக்கு. வீட்டார் உயரமான இருக்கையொன்றை ஒழுங்கு செய்து கொடுத்தல், மருந்து வாங்கிக் கொடுத்தலுக்கு ஒப்பான உதவியாகும்.

முதியோர் நிலை வேறு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிறை நைந்து, தானே கிழிதல் உண்டு. பின்லாந்தில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று, அத்தகைய நைந்த கிழிவுடைய 146 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு மெய்யான சத்திரமும், மறு கூறினர்க்குச் சத்திரம் போன்ற நடிப்பும் செய்தது. ஓராண்டின் பின் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர். எனவே, நைந்த முழங்காலுக்குக் கத்தியை நாடுமுன் பயிற்சியை நாடுதலே முறை.

பயனற்றதென ஒருகாலத்தில் எறியப்பட்ட சிறு பிறை, இன்று இயன்றவரை காக்கப்படுகின்றது. அதனைத் தைப்பது மருத்துவர் கை. தைத்ததைக் காப்பது நோயாளரின் பொறுமை. மைதானத்துக்குச் சில மாதம் பிந்தித் திரும்பும் இளைஞன், முதுமையிலும் பிறர் கை பற்றாது கோணேசர் குன்றேறும் பேற்றினைப் பெறக்கூடும்.